புது ரோஜாவில் இலை பழுத்தால் உரத்தைத் தேடாதீர்கள்

பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சி வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில் ஒன்று, சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டில் ஒன்று. பூவைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப யாருக்கு மனசு வரும்? கையில் ஒரு ரோஜாவோடுதான் வீடு வந்து சேர்வோம். பத்துப் பதினைந்து நாள் போனதும் பெங்களூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி படங்கள் வரத் தொடங்கும்: புதுத் தொட்டி, புதுச் செடி, அடியில் நாலைந்து மஞ்சள் இலை. கூடவே ஒரே கேள்வி: "என்ன உரம் போடலாம்?"

எதையும் போடாதீர்கள். நட்டு ஒரு மாதம் ஆகாத ரோஜாவுக்கு உரக்குறை வருவது அபூர்வம். மூன்றில் ஒரு பங்கு தொழு உரம் கலந்த புது மண்ணில் நட்டிருந்தால், பதினைந்து நாளில் அந்தச் சத்து தீர்ந்துபோக வழியே இல்லை. சத்து மண்ணில் இருக்கிறது, அதை எடுக்க வேர்தான் இல்லை. அந்த நிலையில் டிஏபியோ 19:19:19-ஓ, எந்த ரசாயன உரம் போட்டாலும் மண்ணிலுள்ள உப்பின் அளவு ஏறும். உப்பு ஏறிய ஈரத்திலிருந்து அறுபட்ட வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. நாலு இலை மஞ்சளானது நாற்பது இலையாகும், ஓரமெல்லாம் கருகும்.

முதலில் பார்க்க வேண்டியது வேர்ப் பந்து. சந்தைக்கு வரும் ஒட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை எங்கோ வயலில் வளர்ந்தவை. அங்கிருந்து தோண்டி எடுக்கும்போது நீண்ட வேர்கள் அறுபடும். மிஞ்சிய வேரைச் சுற்றிக் களிமண்ணைப் பிசைந்து உருண்டையாக அப்பிவிடுவார்கள். லாரியில் நாலைந்து நாள் போனாலும் செடி வாடாமல் இருக்க அதுதான் வழி. ஊர் வந்ததும் அந்த உருண்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் வைத்துச் சுற்றிலும் செம்மண் போட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் செம்மண், உள்ளே செங்கல் மாதிரி களி.

அதை அப்படியே தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த பொலபொல மண்ணில் வைத்து நட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயமே. இரண்டு விதமாகக் கெடும். வெயில் நாளில் மேலே ஊற்றும் தண்ணீர் பொலபொல மண் வழியாக ஓடிக் கீழே வடிந்துவிடும். தொட்டி ஈரமாகத் தெரியும், ஆனால் நடுவிலுள்ள உருண்டை காய்ந்து கெட்டியாகி வேரை இறுக்கிக்கொண்டிருக்கும். மழை நாளில் நேர் எதிர். மேல்மண் காய்ந்ததைப் பார்த்து மறுபடி ஊற்றுவீர்கள், உள்ளே உருண்டை இரண்டு வாரமாகக் குழைந்து கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். இரண்டுக்கும் செடி காட்டும் அடையாளம் ஒன்றுதான்: அடி இலை மஞ்சள். அதனால்தான் "தண்ணீர் அதிகமா குறைவா" என்று இலையை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது.

ஒரு மூங்கில் குச்சி போதும். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, உருண்டைக்குள் போகும்படி ஐந்து அங்குல ஆழம் செருகி, பத்து நிமிஷம் விட்டு உருவுங்கள். சுத்தமாக, காய்ந்து வந்தால் உள்ளே வறட்சி. சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் அதிகம். மூக்கருகே வையுங்கள்: நல்ல மண்ணுக்கு மழை வாசம், அழுகும் வேருக்குச் சாக்கடை வாசம். பிறகு இலையைத் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் இலை தொளதொளவென்று துவண்டு, தொட்டதும் கழன்றால் பெரும்பாலும் ஈரம் அதிகம். மொறுமொறுவென்று காய்ந்து ஓரம் சுருண்டால் வறட்சி.

வறண்ட உருண்டைக்கு: 12 அங்குலத் தொட்டியாக இருந்தால் தண்டை ஒட்டி, உருண்டையில் குச்சியால் ஐந்தாறு துளை போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை நூல் மாதிரி மெதுவாக அந்த இடத்திலேயே விடுங்கள். அரை மணி கழித்து இன்னொரு லிட்டர். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் களி மறுபடி ஈரம் பிடிக்கும்.

ஈரம் அதிகமான உருண்டைக்கு: அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். மழை படாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு நகர்த்தி, குச்சி ஓரளவு காய்ந்து வரும்வரை சொட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெங்களூரில் ஆகஸ்டில் மூடிய வானமும் குளிர் காற்றுமாக இருக்கும்போது இதற்கு ஒரு வாரம்கூட ஆகும். பொறுங்கள். சாக்கடை வாசம் வந்தால் மட்டும் செடியை வெளியே எடுங்கள். உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் களியை விரலால் கரைத்து நீக்குங்கள். கறுத்துக் குழகுழவென்று இருக்கும் வேரை வெட்டி, வெள்ளையும் வெளிர் பழுப்புமான வேரை மட்டும் விட்டுப் புது மண்ணில் நடுங்கள். வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும், மொட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பூவோடு வாங்கி வந்த செடியில் பூவை வெட்ட யாருக்கும் மனசு வராது. ஆனால் வேரில்லாத செடி பூவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் வேருக்கு மிஞ்சாது.

இன்னும் நடாதவர்கள் இந்தக் களியை நடும்போதே கவனித்துவிடலாம். ஊறவைத்து உருண்டையின் வெளிப்பக்கம் பாதியையாவது கரைத்துவிட்டு நடுங்கள். ஏப்ரல் வெயிலில் முழுக்கக் கரைக்க வேண்டாம், மெல்லிய வேர்கள் காய்ந்துவிடும். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு அங்குலம் தெரிய வேண்டும். அந்த முடிச்சில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நிறையச் செடிகளில் அதை அவிழ்க்காமலேயே விற்பார்கள். தண்டு பருக்கப் பருக்க நாடா இறுகி, அதற்கு மேலுள்ள கிளை மட்டும் வெளிறும். பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்துவிட வேண்டியதுதான். முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளைப்பது காட்டு ரோஜா, அதை ஒடித்துவிடுங்கள்.

மண் கலவையில் ஒரு எச்சரிக்கை. ஆற்று மணல் கிடைக்காததால் இப்போது எல்லோரும் எம்-சாண்ட் போடுகிறார்கள். கான்கிரீட்டுக்கான கொரகொர ரகம் பரவாயில்லை. பூச்சு வேலைக்கான நைஸ் ரகத்தில் கல்தூசி அதிகம், அது வடிகால் துளையை அடைத்து அடியில் தட்டு மாதிரி உறைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் மணலே வேண்டாம், நெல் உமி போடுங்கள். செம்மண் 4 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 3 பங்கு, கழுவிய நார்த்தூள் 2 பங்கு, உமி 1 பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இதற்கு மேல் முதல் மாதம் ஒன்றும் தேவையில்லை. "நன்றாக மக்கிய" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பால்கனியில் வீட்டுக் குப்பையை மக்க வைப்பவர்கள் பாதி மக்கியதையே தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். அது தொட்டிக்குள் மக்கி முடிப்பதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். புது ரோஜாவில் தழைச்சத்துக் குறை வருகிறதென்றால் அது பெரும்பாலும் இப்படி வருவதுதான். பால் சர்க்கரையோடு டீத்தூள், வாழைப்பழத் தோல், முட்டை ஓடு எல்லாம் குப்பைத் தொட்டிக்குள் போகட்டும், ரோஜாத் தொட்டிக்குள் வேண்டாம்.

சரி, குச்சி சோதனையில் ஈரமும் சரி, வாசமும் சரி. ஆனாலும் மஞ்சள். இப்போதுதான் இலையை வாசிக்க வேண்டும்.

நட்ட முதல் மூன்று வாரத்தில் அடி இலைகள் ஐந்து பத்து பழுத்து விழுவது சாதாரணம். வேர் இழந்த செடி பழைய இலையைக் கைவிட்டு அதிலுள்ள சத்தை மேலே அனுப்புகிறது. தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சையாக இருக்கிறதா? கணுக்களில் சிவப்பாக மிளகளவு துளிர் முளைக்கிறதா? அப்படியானால் செடி பிழைத்துவிட்டது, விட்டுவிடுங்கள். முதல் பத்து நாள் வெளிச்சமான நிழல், அப்புறம் காலை வெயில், மூன்றாம் வாரம் முதல் ஐந்தாறு மணி நேர நேர்வெயில். மேற்குப் பார்த்த பால்கனியில் கொண்டுவந்த அன்றே வைத்தால் பிற்பகல் வெயிலில் இலை வெளுக்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் வெயில் போதாமல் அடி இலையாக உதிர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு மருந்து கிடையாது, இடம் மாற்றுவதுதான்.

மஞ்சள் கீழேயிருந்து தொடங்காமல் கொழுந்திலிருந்து தொடங்கினால் கதை வேறு. புது இலை எலுமிச்சை நிறம், நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டது போல் தெரிந்தால் இரும்புச்சத்து செடிக்குள் போகவில்லை என்று பொருள். பெங்களூரில் இதற்குக் காரணம் மண்ணாக இருப்பது குறைவு. நம் செம்மண்ணில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது, அந்தச் சிவப்பே இரும்புதான். காரணம் தண்ணீர். போர் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் பைகார்பனேட் அதிகம். தினம் ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணின் பிஎச், அதாவது காரத்தன்மை, ஏறும். ரோஜா கேட்பது 6 முதல் 6.5 வரை. 7.5 தாண்டினால் இரும்பு மண்ணில் இருந்தும் கரையாது. கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டுகிற வீட்டில் ரோஜாவின் கொழுந்து மஞ்சளாவதில் ஆச்சரியமில்லை. காவேரி தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

கடையில் இரும்புச்சத்து என்று கேட்டால் ஈடிடிஏ வகையைத்தான் பெரும்பாலும் தருவார்கள். பிஎச் 6.5-க்கு மேல் அது மண்ணில் நிலைக்காது, காசு தண்டம். நீங்கள் கேட்க வேண்டியது ஈடிடிஹெச்ஏ, கருஞ்சிவப்புப் பொடியாக இருக்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கரைத்து 12 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஊற்றினால், அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வரும். ஏற்கெனவே முற்றிவிட்ட மஞ்சள் இலை முழுக்கப் பச்சையாகாது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி ஊற்றாதீர்கள். மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம். கூடவே தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும்: 20 லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு, பிஎச் தாள் நனைத்துப் பாருங்கள், 6.5 பக்கம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகத் தேவை வருவது அரிது. எலுமிச்சை பிழிந்தாலும் இதே வேலைதான், வாளிக்கு இரண்டு மூன்று பழம் ஆகும், அவ்வளவு பழம் ரோஜாவுக்கு ஏன்?

அபார்ட்மெண்ட் வாசிகளுக்குத் தனியாக ஒரு சங்கதி. பல குடியிருப்புகளில் போர் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தில் விட்டுத்தான் குழாய்க்கு அனுப்புகிறார்கள். அந்த இயந்திரம் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். சோப்பு நன்றாக நுரைக்கும், தொட்டி மண்ணோ இறுகும். ரோஜாவுக்கு வேண்டிய இரண்டும் போய் வேண்டாதது வந்து சேர்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரும் அப்படித்தான். 2024 கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவியிருக்கிறது, எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. வீடு துடைக்க, வண்டி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருநூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. 500-க்குள் இருந்தால் கவலை வேண்டாம், 1000 தாண்டினால் தொட்டி ரோஜாவுக்கு ஆகாது. உப்பு சேர்ந்ததற்கு அடையாளம் இலையின் ஓரமும் நுனியும் பழுப்பாகக் கருகி உள்ளே மஞ்சள் பரவுவது, மண் மேல் வெள்ளைப் பொருக்கு, தொட்டி விளிம்பில் வெள்ளைக் கோடு. வடிகால் சரியாக இருக்கும் தொட்டியில் அதன் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவும். 12 அங்குலத் தொட்டியைக் கழுவ 30 லிட்டர் தேவைப்படும், இந்த ஊரில் அது ஆடம்பரம். நல்ல கோடை மழை ஒன்றில் தொட்டியை வெளியே வைத்துவிடுங்கள், இலவசமாகக் கழுவித் தரும்.

மக்னீசியக் குறையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இதிலும் நரம்பு பச்சை, நடுவே மஞ்சள். ஆனால் கொழுந்தில் வராது, பழைய இலையில் வரும். கழுவாத நார்த்தூளும் மென்மையாக்கிய தண்ணீரும் சேர்ந்த இடத்தில்தான் அதிகம் பார்க்கலாம், நார்த்தூள் மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்துக் காலையில் இலையில் தெளிக்கலாம், வாரம் ஒன்றாக மூன்று முறை. எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்று யூடியூபில் சொல்வதை நம்பி இரும்புக் குறைக்கு அதைப் போட்டால் ஒன்றும் நடக்காது.

வீட்டு வாசலில் தரையில் நட்டவர்கள் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும். கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட் கட்டியும் சுண்ணாம்பும் மதிலோரம் புதைந்திருக்கும். குழியிலிருந்து ஒரு பிடி காய்ந்த மண்ணெடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த இடத்தில் இரும்பு ஊற்றிக் கட்டுப்படியாகாது, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி மண்ணை மாற்றுங்கள்.

இனி நோயும் பூச்சியும். ஆகஸ்டில் வாங்கிய செடிக்குக் கரும்புள்ளி, ஜனவரியில் வாங்கியதற்குச் சிலந்திப்பேன் என்று ஏறக்குறைய நாள்காட்டியே போட்டுவிடலாம்.

கரும்புள்ளியில் மஞ்சள் தனியாக வராது. கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கறுப்பு வட்டம், ஓரம் பிசிறு பிசிறாக, மை ஊறினாற்போல் இருக்கும். அதைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிரும். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் பூஞ்சணம் உள்ளே இறங்கிவிடும். மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளிப்பது அதற்கு விருந்து வைப்பது. புள்ளி இலைகளைக் கிள்ளி, மண் மேல் விழுந்ததையும் பொறுக்கி, குப்பையில் போடுங்கள், உரக் குழியில் வேண்டாம். மேன்கோசெப் என்ற பூஞ்சண மருந்து லிட்டருக்கு 2 கிராம், இலையின் இரு பக்கமும் நனைய, பத்து நாளுக்கு ஒருமுறை, மழை விடும் வரை. இது வரவிருப்பதைத் தடுக்கும், வந்த புள்ளியை அழிக்காது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து பால்கனியில் துணி காய்கிறதா என்றும் பாருங்கள். புள்ளி வட்டமாக இல்லாமல் ஊதாச் சிவப்பில் கோணல்மாணலாக இருந்து, மூன்று நாலு நாளில் இலைகள் பொலபொலவென்று கொட்டினால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

சிலந்திப்பேன் பிப்ரவரி முதல் மே வரை, காற்று காய்ந்திருக்கும்போது. இலை முழுக்க மஞ்சளாவதற்கு முன்னால் ஊசியால் குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளிகள் பொடிப்பொடியாக வரும், தூரத்திலிருந்து பார்த்தால் இலை தூசி படிந்தது மாதிரி தெரியும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான். முற்றியபின் கிளைநுனியில் மெல்லிய நூல் வலை. முதல் வைத்தியம் தண்ணீர்: கைப்பீச்சியால் இலையின் அடிப்பக்கம் அழுத்தமாகக் காலையில் அடியுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, நாலு தடவை. வெயிலில் முட்டையிலிருந்து முழுப்பேன் ஆக ஒரு வாரம்தான் ஆகும், ஒரே தடவை அடித்துவிட்டு ஓய்ந்தால் பலனில்லை. அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, சூரியன் இறங்கியபின். அதற்கும் அடங்காவிட்டால் அபாமெக்டின் லிட்டருக்கு அரை மில்லி. கடைக்காரர் "எல்லாப் பூச்சிக்கும் இதான் சார்" என்று இமிடாகுளோபிரிட் நீட்டினால் வாங்காதீர்கள். சிலந்திப்பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததே இல்லை. அந்த மருந்து பேனை விட்டுவிட்டு, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொல்லும். அடுத்த வாரம் பேன் இரட்டிப்பாகும்.

ஒன்றிலும் அடங்காத மஞ்சள் ஒன்று மிச்சம் இருக்கிறது. தண்ணீர் சரி, இலையில் புள்ளியில்லை, பேன் இல்லை, ஆனால் நாளுக்கு நாள் செடி சோர்கிறது. தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கெட்டியாக நிற்காமல் தொளதொளவென்று ஆடினால் மண்ணைக் கிளறுங்கள். பழைய சாணி உரத்தோடு வந்த வெள்ளைப் புழு, கொழுத்து 'சி' மாதிரி சுருண்டு, வேரைத் தின்றுகொண்டிருக்கும். கையால் பொறுக்கி எடுத்து, மீதி மண்ணையும் பரப்பி வெயிலில் காயவைத்து மறுபடி நடுங்கள். பொறுக்கியதைக் காக்கைக்கு வைத்தால் அது பார்த்துக்கொள்ளும்.

உரம் எப்போது என்றால், புதுக் கிளை ஒரு சாண் நீண்டு, அதன் சிவப்பு மாறி இலை பச்சையானபின். நட்டதிலிருந்து ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19:19:19 லிட்டருக்கு 1 கிராம், ஈர மண்ணில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பையில் 5 கிராம் என்று போட்டிருந்தாலும் முதல் இரண்டு தடவை 1 கிராமைத் தாண்ட வேண்டாம்.